மிதித்துப் பிடிக்க ஓர் ஆள்

மூவுலகும் நடுங்கும் என் வீட்டு மகாராணிக்கு,

சேவகன் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே வேலையாட்களை ஏற்றிப்போக எனக்குக் கொடுத்திருக்கும் வேன், சூரியன் பிறப்பதற்கு முன்பே பதிவு செய்யப்பட்டது. காலையில் அதன் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை அமுங்கியது. பயப்படாதே, வண்டியில் நான் மட்டும்தான். ஒரு மணல் குவியல் அன்போடு அணைத்துக்கொண்டது.

"ரெண்டு மூணு தடவை மிதிச்சா பிடிக்குதுல்ல? ஆளுங்களை ஏத்திட்டுக் கிளம்பு" என்றார் முதலாளி.

"வேலையே போனாலும் சரி, இத்தனை உசுரை இதுல ஏத்தமாட்டேன்" என்று சாவியை நீட்டினேன். முறைத்துவிட்டு, "அப்போ நீயே சரி பண்ணு" என்றார்.

எங்கும் ஒழுகவில்லை, பிரேக் குழாயில் காற்று புகுந்திருந்தது. அதை எடுக்க ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் அடியில் படுத்துத் திருகாணியைத் தளர்த்தி இறுக்க வேண்டும். ஆட்கள் இன்னும் வந்து சேராததால் முதலாளியே ஏறி உட்கார்ந்தார். நம் வண்டிக்கு எப்போதும் நீதானே மிதிப்பாய், அந்த நினைப்பில் அடியிலிருந்து "மிதிடி!" என்று கத்திவிட்டேன்.

"யாருய்யா அது, 'டி'?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் பிரேக் ஆயில் பட்டுவிட்டதாகச் சொன்னேன்.

இப்போது பெடல் பாறை. ஆட்கள் ஏறிவிட்டார்கள், கூப்பிடுகிறார்கள். கை துடைக்கத் துணியில்லை. இங்கே வருகிறவர் யாரிடமாவது உன் பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்பு. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

அவசரத்தில்,
உன்னவன்