இரண்டு பேருக்கான படகு

உன் அறைக் கதவைத் தட்ட மனம் வரவில்லை, விமானத்துக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. பதினொரு மணிக்குக் குழாய்க்காரர் வருவார், சமையலறைக் குழாயைக் காட்டு.

நீ முன்பே சொன்னது சரி. விற்பவர் காட்டிய ஆளை வைத்தே அந்தப் பழைய மோட்டார் படகைச் சோதிப்பது, பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். படகு நிற்கும் ஊர்த் துறைமுகத்தில் விசாரித்து, வேறொரு பரிசோதகரை நானே ஏற்பாடு செய்துவிட்டேன். வியாழக்கிழமை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடிப்பாகம் முழுக்கத் தட்டிப் பார்ப்பார். பிறகு கடலில் ஓட்டிப் பார்ப்போம். உள்ளே ஈரம் ஊறியிருந்தால் வாங்காமல் வந்துவிடுவேன்.

வீட்டை விட்டுப் படகிலேயே குடியேறலாம் என்றதற்கு, "தண்ணியில குடித்தனம் நடத்த நான் என்ன மீனா?" என்று நீ கேட்டபோது நான் சிரித்திருக்கக் கூடாது. அன்றோடு நீ பேச்சை நிறுத்தி ஒன்பது நாள் ஆகிறது.

சாவி செருப்பு அலமாரி மேல் இருக்கிறது.

பி.கு.: "படகுல எத்தனை பேர் தங்குவீங்க?" என்று பரிசோதகர் போனில் கேட்டார். "ரெண்டு பேர்" என்று சொல்லிவிட்டேன். அது பொய்யென்றால் வியாழனுக்குள் ஒரு வார்த்தை சொல். படகு நன்றாக இருந்தாலும் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிடுகிறேன். தனியாக இருக்க எனக்குக் கடல் எதற்கு? இந்த வீடே போதும்.