மருந்து ஆபீஸ்

இருக்கன்குடி மாரியம்மன் துணை

ஆமத்தூர்
14-9-61

மெட்ராஸில் இருக்கும் என் மகள் பொன்னுத்தங்கத்துக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. அய்யாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க வேண்டும். வெள்ளைப்பசு ஈன்றிருக்கிறது, கிடாரிக் கன்று. மழை இன்னும் இறங்கவில்லை, நிலத்தை உழுது போட்டுவிட்டு அய்யா வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு மாதமாக ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். உனக்கு எழுத முகமில்லை, அதுதான் காரணம்.

நீ நர்ஸ் படிப்புக்குப் போனபோது உன் பெரியப்பா பெத்தணன் வாசலில் நின்று, கண்டவன் மேலைத் தொட்டுக் கழுவுற வேலைக்கா நம்ம வீட்டுப் பிள்ள போகணும், வெளியில சொல்லிராதீக என்று சொன்னது உனக்குத் தெரியும். நான் அதற்குக் கட்டுப்பட்டது உனக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் நீ மருந்து சம்பந்தப்பட்ட ஆபீஸில் இருப்பதாகச் சொல்லிவைத்தேன். நம் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதானே, ஏதோ பட்டாசுக் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீஸில் நீ இருக்கிறாய் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள், நானும் தலையாட்டினேன். நான் சொன்னதில் பொய் இல்லையே என்று அம்மன் படத்துக்கு முன்னால் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பட்டாசு வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு இருளம்மாள்கூட, ஏ மதினி, ஒம் மக காத்தாடிக்குக் கீழ ஒக்காந்து மருந்து, நான் வெயில்ல ஒக்காந்து மருந்து, ரெண்டு பேருக்கும் ஒரே மொதலாளியாத்தான் இருப்பான் பாரு என்று கேலி பண்ணுவாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனிக் கடைசியில் ஒரு நாள் கம்பெனியிலிருந்து வந்த இருளம்மாள் சேலை மாற்றாமல் அடுப்புப் பற்றவைத்திருக்கிறாள். முந்தானையில் ஒட்டியிருந்த மருந்து குப்பென்று பிடித்துக்கொண்டது, அதை அணைக்கப் போய் வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. தெருவே கூடிவிட்டது. மை கொண்டாங்க, மை ஊத்துனா எரிச்சல் அடங்கிரும் என்று ஒரே சத்தம். தெருவில் மைப்புட்டி இருப்பது கணக்கெழுதும் நம் வீட்டில்தான். சித்திரையில் நீ எழுதிய கடிதம் அந்த நிமிஷம் எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தது. தீக்காய வார்டில் இருப்பதாகவும், மையும் சாணமும் பூசிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் புண் சீழ்பிடிக்கிறது, சுத்தமான தண்ணீரை ஊற்றி வெளுத்த துணியால் மூடிக் கொண்டுவந்தால் போதும் என்றும் எழுதியிருந்தாயே. தண்ணீர் ஊற்றுங்கள் என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். தண்ணி ஊத்துனா கொப்பளம் போடும், ஒனக்கு எந்த டாக்டரு சொன்னான் என்று ஒருத்தி அதட்டினாள். என் மகள் சொன்னாள் என்று வாய்வரை வந்தது மகளே. பெரியப்பா அங்கேதான் நின்றிருந்தார். விழுங்கிவிட்டேன். விழுங்கியதோடு விட்டேனா, வீட்டுக்குள் போய் மைப்புட்டியை எடுத்துவந்து என் கையாலேயே கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கை வீங்கிக் காய்ச்சல் கண்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பதினெட்டு நாள் கிடந்தாள். அங்கே உன் வயதில் ஒரு நர்ஸ், அந்த நீல மையையும் சீழையும் பொறுமையாகத் துடைத்து எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அருவருப்பா இல்லையாம்மா என்று கேட்டுவிட்டேன். கைதானே அத்தை, சாப்பிடுற கை என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் துடைத்தாள். இருளம்மாள் புருஷன் சங்கையா, மனைவி பேரைக்கூட நாலு பேர் முன்னால் சொல்லாதவன், வார்டு முழுக்கப் பார்த்திருக்க இட்லியைப் பிட்டு அவள் வாயில் ஊட்டினான். கூச்சப்படவே இல்லை. நான்தான் பெற்ற பிள்ளையின் வேலையைச் சொல்லக் கூச்சப்பட்டேன். இந்த விரதமும் விளக்கும் வைத்துக்கொண்டு இத்தனை நாள் அம்மனிடம் என்ன கேட்டேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இருளம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீ நர்ஸ் என்றும், மை ஆகாது என்று தெரிந்தே கொடுத்தேன் என்றும். ஒம் மகளை மறைக்க எங் கையிதான் ஒனக்குக் கெடச்சுதா மதினி என்று கேட்டாள். நீயும் அதையே கேட்டால் தாங்கிக்கொள்வேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையோடு மடங்கிவிட்டன, பட்டாசுக்குத் திரி வைக்க முடியவில்லை, விரல் நிமிர்ந்தால் வா என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நான் எழுந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டே, ஒம் மகளுக்கு எழுதிக் கேளு, இந்த வெரலு நிமிருமா நிமிராதான்னு என்றாள்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். உங்கள் பெரிய டாக்டரிடம் கேட்டு, அவள் என்ன செய்ய வேண்டும், அங்கே அழைத்து வர வேண்டுமா என்று விவரமாக எழுது. நிமிராது என்றாலும் ஒளிக்காமல் எழுது. எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே, இராத்திரி வேலை முடிந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே. யாருக்காகவும் உன் வேலையைக் குறைத்துச் சொல்லாதே, எனக்காகவும் வேண்டாம். நீ தீர்க்காயுசாய், கைராசிக்காரியாய் இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். பதிலை இருளம்மாள் பெயருக்கே போடு. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, என்னைத்தான் வாசிக்கக் கூப்பிடுவாள், பெரியப்பாவும் வந்து நிற்பார். கடைசியில் உன் பெயரோடு நர்ஸ் என்றும் சேர்த்துக் கையெழுத்துப் போடு. அதையும் நான் சத்தமாக வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை ஊருக்கு மறைத்த அம்மா,
வெள்ளைத்தாய்