இரண்டு முறை ஹாரன்

ஆற்றோர கேம்ப்
ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பாப்பாவும் நலமா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

பாலங்களைச் சோதிக்கிற வேலையில் என்னைப் பெரிய பாலத்துக்கே மாற்றிவிட்டார்கள். நீ தினமும் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டிக்கொண்டு போய் வருகிறாயே, அதே நெடுஞ்சாலைப் பாலம்தான். கேம்ப் அதற்கு நேர் கீழே, மணல் மேட்டில் ஒரு தகரக் கொட்டகை. நான் இங்கே வந்ததை மேலே இருக்கும் டீக்கடைக்காரர் உன்னிடம் சொல்லிவிட்டாராமே; போகும்போது எனக்காக இரண்டு முறை ஹாரன் அடிக்கிறாய் என்றார். கேட்கிறது. முதல் நாள் சந்தோஷமாக இருந்தது. இப்போது அதைக் கேட்டால், நீ அக்கரை சேரும்வரை மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நடு ஆற்றில் நிற்கும் தூணின் தலையில், பாலத்தின் உத்தரம் வந்து உட்காரும் இடத்தில், ஒரு விரிசல் இருக்கிறது. இப்படி இருந்தால் நாங்கள் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டிவிடுவோம். விரிசல் பழசாகி அடங்கியது என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். மயிரளவு விரிந்தாலும் உடைந்துவிடும். நேற்று ஒட்டினேன். சாந்து என் முழங்கை வரைக்கும் வழிந்தது.

ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஆனாலும் கொஞ்ச நாளைக்குப் பழைய ரோட்டில் போடா. அங்கே தரைப்பாலத்தின்மேல் இன்னும் தண்ணீர் ஏறவில்லை. ஆபீஸில் இருப்பது ஒரே போன், அதுவும் பெரிய எஞ்சினியர் மேஜைமேல். அதனால் இதை டீக்கடைக்காரரிடம் கொடுக்கிறேன். வேகத்தடையில் நீ மெதுவாக்கும்போது ஜன்னல் வழியாகக் கொடுப்பார். வேறு யாரிடமும் சொல்லிவிடாதே. வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும்.

பயத்துடன்,
உன் அக்கா


ஜூலை 6

தாழ்ப்பாள் அக்காவுக்குத் தம்பியின் அன்பு.

இங்கே எல்லோரும் நலம். பாப்பாவின் சளி அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டது.

தாழ்ப்பாள் போட்டதைச் சந்தேகப்பட்டு மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பவள் நீ. அதனால் உன் கடிதத்தில் பாதியைச் சிரித்துக்கொண்டே படித்தேன். மீதியைப் படிக்கும்போது சிரிப்பு வரவில்லை.

பழைய ரோடு என்றால் ஒரு மணி நேரம் கூடுதல். எக்ஸ்பிரஸ் என்று போர்டு மாட்டிக்கொண்டு மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போனால் டிப்போ மேனேஜர் என் தோலை உரித்துவிடுவார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல? எங்கள் அக்கா பயப்படுகிறாள் என்றா?

ஆனால் ஒரு விஷயம். நடுப்பாலத்து இரும்பு இணைப்பில் சக்கரம் ஏறும்போது 'தடக்' என்று ஒரு சத்தம் எப்போதும் வரும். கொஞ்ச நாளாக அது 'தடார்' என்று வருகிறது. முன்சக்கரம் இறங்கி ஏறுகிறது, தண்ணீர் பாட்டில் சாய்ந்து விழுகிறது. ரோட்டுக்காரர்கள் ஏதோ நோண்டி வைத்திருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே ஓட்டினேன். இப்போது பாலம் வந்தாலே கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழுந்துவிடுகிறது. உன் பயத்தை டீக்கடை வழியாக எனக்கு அனுப்பிவைத்துவிட்டாய், மகராசி.

அன்புடன்,
தம்பி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதிய அந்தத் 'தடார்' என்னைத் தூங்க விடவில்லை. இணைப்பு இறங்குகிறது என்றால் கீழே தூண் தலை நகர்கிறது என்று அர்த்தம். காலையில் பரிசலில் போய்ப் பார்த்தேன். கண்ணாடி இரண்டாக உடைந்திருக்கிறது.

பெரிய எஞ்சினியரை அழைத்து வந்து காட்டினேன். "பசங்க கல்லு விட்டிருப்பாங்கம்மா" என்றார். நடு ஆற்றில் எந்தப் பசங்கள்? பாலத்தை மூட வேண்டும் என்று சொன்னேன். ஆபீஸ் சுவரில் நாட்டின் சாலைப் படம் மாட்டியிருக்கிறது. துறைமுகத்திலிருந்து தலைநகர் வரை தடித்த சிவப்புக் கோடு. அதில் நம் ஆற்றின்மேல் விரலை வைத்துக் காட்டினார். "இத்தனை ரோட்டுக்கும் இதும்மா முதுகெலும்பு. இங்க அறுத்துவிட்டா அரிசி நிக்கும், டீசல் நிக்கும், மருந்து நிக்கும். மேல இருந்து ஆர்டர் வரட்டும்." மேலே கடிதம் போயிருக்கிறது. பதில் இல்லை. அவர் கெட்டவர் இல்லை, தம்பி. அவருக்கு மேலே இருப்பவர்களிடம் பயம், எனக்குக் கீழே இருக்கும் தூணிடம் பயம்.

புதுக் கண்ணாடி ஒட்டியிருக்கிறேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன், லீவாவது போடு.

அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்காதே. சொல்லாதே என்றாய், கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் சொன்னால் தண்டோரா போட்ட மாதிரிதான், தெரியும். ஆனால் ஒன்று யோசித்துப் பார். நான் லீவு போட்டால் என் பஸ்ஸை வேறு ஒருவன் ஓட்டுவான். அதே சீட்டில், அதே பாலத்தில். அவனுக்குப் பாலத்தடியில் அக்கா இல்லை. எனக்குப் பின்னால் வரும் சிமென்ட் லாரிக்காரனுக்கும் இல்லை. எனக்கு மட்டும் சொன்னாயே, மற்றவர்களை என்ன செய்வதாக இருந்தாய்? இதை எழுதும்போது உன்மேல் எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை.

அதனால் டிரைவர்கள் எல்லாம் கூடி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம். பாலத்துக்கு முன்னால் பயணிகளை இறக்கிவிடுகிறோம். பஸ் காலியாகப் போய் அக்கரையில் நிற்கும், அவர்கள் பின்னால் நடந்து வந்து ஏறிக்கொள்வார்கள். முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டது. உன் தம்பிக்கும் மூளை இருக்கிறது, பார்த்தாயா?

தம்பி


ஜூலை 12

தம்பி,

நலம் விசாரிக்க நேரமில்லை. நீங்கள் செய்வதை உடனே நிறுத்துங்கள்.

நீ அக்கரையில் ஆட்களுக்காகக் காத்திருக்கிறாய். உன் பின்னால் இன்னொரு பஸ் காத்திருக்கிறது. அதற்குப் பின்னால் வந்த லாரிகள் எல்லாம் எங்கே நிற்கின்றன என்று திரும்பிப் பார்த்தாயா? பாலத்தின் நடுவில். ஓடுகிற வண்டி கடந்து போய்விடும். நிற்கிற வண்டி தூண்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். இன்று மேலே அந்த வரிசை நின்றபோது நான் கீழே பரிசலில் இருந்தேன். என் கண்ணெதிரிலேயே கண்ணாடி 'டக்'கென்று உடைந்தது. பரிசல்காரர் துடுப்பைப் போட்டுவிட்டார்.

நீ கேட்டது சரிதான். உன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அதைப் படித்துவிட்டு அழுதேன்.

ஆர்டருக்கு இனி காத்திருக்க மாட்டேன். ஜூலை 14 காலை, உன் முதல் டிரிப்புக்கு முன்னால் கேம்ப் இருக்கும் கரையில் என் பக்கத்தை ஜீப்பையும் தார் டிரம்களையும் வைத்து மூடிவிட்டு, சிவப்புத் துணியோடு நிற்பேன். எதிர்க்கரையில் நீ வரும் பக்கத்தை மூட என்னிடம் எதுவும் இல்லை. உன் பஸ்தான் இருக்கிறது. பாலத்தில் இருக்கும் வண்டிகள் வெளியே வரும்வரை ஓரத்தில் வழி விடு, பிறகு குறுக்கே போட்டுவிடு. உன் வேலை போகலாம். அடியும் விழலாம். வேண்டாம் என்றால் சொல்லிவிடு, நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

வந்தால், விடாமல் இரண்டிரண்டு முறை ஹாரன் அடித்துக்கொண்டே இரு. அது கேட்கும்வரை நீ நலம் என்று வைத்துக்கொள்வேன். நின்றுவிட்டால் உன்னை அங்கே அடித்துப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போது பாலம் கீலம் பார்க்க மாட்டேன், அதன் மேலேயே ஓடி வந்துவிடுவேன்.

அக்கா


ஜூலை 14
பஸ்ஸிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில், ஸ்டீயரிங் மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பஸ் ஓடுவதாக நினைக்காதே, நின்றுதான் இருக்கிறது.

குறுக்கே போட்டாயிற்று. கடைசியாக ஒரு டிராக்டர் இறங்கி வந்தது, உடனே அடைத்துவிட்டேன். பயணிகள் தள்ளி மரத்தடியில் நிற்கிறார்கள். சாவியைக் கண்டக்டரிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். நாலு அடி விழுந்தால் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேனோ என்று பயம். போலீஸ்காரர் வந்து, "யாருய்யா ஆர்டர் போட்டது?" என்று கேட்டார். "எங்க அக்கா" என்றேன். நோட்டை எடுத்து அதையே எழுதிக்கொண்டார்.

சிமென்ட் லாரிக்காரன் ஜன்னல் வழியாக என் சட்டையைப் பிடித்துவிட்டான். "பைத்தியமாடா நீ? வண்டிய எடுடா" என்று உலுக்கினான். அப்போதுதான் கேட்டது, அக்கா. பாலத்தில் ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை. நடுவிலிருந்து அதே 'தடார்'. அவன் கை தானாக என் சட்டையை விட்டது. இறங்கிப் போய், பின்னால் நிற்கிற வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

இங்கிருந்து உன் சிவப்புத் துணி தெரிகிறது. ஆனால் அது பாலத்தின் வாயில் இல்லை, உள்ளே தெரிகிறது. அந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் ஜீப்பைத் தள்ளித் தள்ளி உன்னை உள்ளே கொண்டுவந்துவிட்டார்களா? பின்னால் போ என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆற்றங்காற்றில் ஒன்றும் எட்டவில்லை. கையால் காட்டினேன். நீயும் பதிலுக்குக் கையை ஆட்டுகிறாய்.

கண்டக்டர் யாரோ ஒருவருடைய பைக்கை வாங்கிக்கொண்டு பழைய ரோடு வழியாக இதைக் கொண்டு வருகிறான். ஒரு மணி நேரம் ஆகும். ஜீப் போனால் போகட்டும், அக்கா. இறங்கிப் பின்னால் போ. மேட்டுக்குப் போய்விடு.

மறுபடியும் அந்தத் 'தடார்' கேட்டது.

ஹாரன் அடித்தால் தம்பி நலம் என்று நிம்மதியாக அங்கேயே நிற்கிறாய். நிறுத்தினால் என்னைத் தேடிக்கொண்டு பாலத்தின்மேல் ஓடி வருவாய். ஒரு கையால் எழுதுகிறேன், ஒரு கையால் அடித்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் தம்பி