நடைபாதைக்கு அந்தப் பக்கம்

ஜூலை 16, ஞாயிறு

புல் வெட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டெல்பர்ட் ரோட்டைக் கடந்து வந்தான். நவம்பரில் ஊர் மன்றத் தேர்தலில் நிற்கிறானாம்.

“உன் புல்தரையில ஒரு போர்டு நட்டுக்கட்டுமா, லைல்?”

“நடுப்பா. களையாவது கொஞ்சம் மறையும்.”

என் மனைவி மார்ஜ் படுக்கையில் கிடந்த கடைசிக் குளிர்காலம் முழுக்க, கேட்காமலே எங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்டவன். ஒரு பலகைக்கா இடமில்லை?

ஆகஸ்ட் 9

மகள் கொரின் வந்தாள். மனு கொடுத்துவிட்டாளாம். அதே மன்றம், அதே ஒற்றை இடம். அப்பாவை ஆச்சரியப்படுத்தத்தான் முன்னால் சொல்லவில்லையாம். ஆச்சரியப்பட்டேன்.

செப்டம்பர் 10

டெல்பர்ட் நட்டுவிட்டான். சரி என்று சொல்லிவிட்டுப் பிடுங்கச் சொல்வது இந்தத் தெருவில் யாரும் செய்யாத காரியம். கொரினுடையதையும் பக்கத்திலேயே நட்டேன்.

“உனக்கு மட்டும் ரெண்டு ஓட்டா, லைல்?” என்றார் தபால்காரர். கொரின் சிரிக்கவில்லை.

“வீடு வீடா ஏறி எறங்கறேன்ப்பா. உங்கப்பாவே யோசிக்கிறாரே, நாங்க யோசிக்கக் கூடாதான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?”



அக்டோபர் 1

வழி கண்டுபிடித்தேன். அவள் பலகையை மட்டும் பிடுங்கி ரோட்டோரமாக நட்டேன். அவளுடையது முன்னே, அவனுடையது பின்னே. கொடுத்த வாக்கும் தப்பவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்டோபர் 4

கொரின் பலகையைக் காணோம். டெல்பர்டினுடையது அப்படியே நிற்கிறது.

“அவரு ஆளுங்க வேலைதான்ப்பா. அடுத்த வியாழன் வேட்பாளர் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேக்கறேன்,” என்றாள் போனில்.

அக்டோபர் 11

ஊர்ப் பணிமனையில் வேலி சரிசெய்யப் போனேன். சுவரோரம் கொரின் பலகை சாய்ந்திருந்தது.

“நாங்கதான் எடுத்தோம்,” என்றார் ரோட்டு மேஸ்திரி. “நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஊர் எடம். அங்க நடக்கூடாதுல்ல. வேலி போடறவரு, உங்களுக்கா தெரியாது?”

இருபத்திரண்டு வருடம் அந்தப் புல்லை வெட்டுகிறேன். என்னுடையது என்றே நினைத்துவிட்டேன்.

கொரினுக்கு மூன்று தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்காதது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது — ஏன்டா லைல், வாயை மூடிக்கிட்டிருந்தா யாருக்குத் தெரியப்போவுது? டெல்பர்ட் திருடன்னு பேராவும், அவ்வளவுதானே. அவ்வளவுதானா?

அக்டோபர் 12, வியாழன்

தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம். கொரின் எழுந்தாள். “எங்கப்பா வீட்டு வாசல்லயே என் போர்டு திருடுபோயிருக்கு. டெல்பர்ட், உங்க ஆளுங்க —”

நான் எழுந்துவிட்டேன். “யாரும் திருடலை. நான்தான் ஊர் எடத்துல நட்டேன். அவங்க பிடுங்கிட்டாங்க.”

“வேலிக்காரனுக்கே எல்லை தெரியலையா!” என்றது ஒரு குரல். கூடமே சிரித்தது. டெல்பர்ட் சிரிக்கவில்லை. கொரின் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து, “முன்னாடியே சொல்லியிருக்கலாமே,” என்றாள்.

“நேத்து போன் பண்ணேம்மா.”

“என் வீட்டு வாசலுக்கு வந்திருக்கலாம்ப்பா. நான் ஊர்ல எல்லார் வாசலுக்கும் போறேன்ல?”

நவம்பர் 7

டெல்பர்ட் 312. கொரின் 298.

நவம்பர் 8

போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. அந்தப் பதினாலு பேரும் கூடத்தில் சிரித்தவர்களாகத்தான் இருக்கும்.

நவம்பர் 12, ஞாயிறு

தேர்தல் முடிந்து ஒரு வாரத்துக்குள் பலகைகளை எடுத்துவிட வேண்டும். காலையில் கார் சத்தம். கொரின். பணிமனையிலிருந்து எடுத்துவந்து நான் புல்தரைக்குள் திரும்ப நட்டிருந்த தன் பலகையைப் பிடுங்கிச் சுவரில் சாய்த்தாள். டெல்பர்டினுடையதையும் பிடுங்கினாள். அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து அவன் கதவைத் தட்டினாள். திரைக்குப் பின்னால் திருடன் மாதிரி நின்று பார்த்தேன். என்ன பேசினார்களோ, கைகுலுக்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்தவள் என் வண்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

“அடுத்த தடவை அளந்து நடுங்க,” என்றாள். “காபி இருக்கா?”

மதியம் அளந்தேன். நடைபாதையிலிருந்து மூன்றடி உள்ளே ஒரு முளை அடித்துவைத்திருக்கிறேன். புல் வெட்டும்போது இடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.