ஈயம் வைத்த மவுஸ்

உன் மகள் ஸ்டெல்லா கொடுத்தனுப்பிய அட்டைப்பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது தைல வாசனை. வலது மணிக்கட்டில் காலையும் மாலையும் நீ தேய்த்துக்கொண்டிருந்த அதே பச்சைத் தைலம். உனக்கு முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. வாசனை மட்டும் ஒரு கம்ப்யூட்டர் மவுஸில் ஒட்டிக்கொண்டு, கல்மண்டபத்திலிருந்து பஸ் ஏறித் திருவொற்றியூர் வரைக்கும் வந்திருக்கிறது.

பெட்டியில் இரண்டு மவுஸ்கள் இருந்தன. ஒன்று நான் தேர்ந்தெடுத்து உன்னை வாங்க வைத்தது. மற்றது உன் மருமகன் வாங்கி வந்த, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட சல்லடை. துக்கம் விசாரிக்கும் கடிதம் இது என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னோடு போட வேண்டிய சண்டை ஒன்று பாக்கி இருக்கிறது. நீ பாதியில் எழுந்து போய்விட்டாய். அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

பக்கவாதம் லேசாக வந்து போனது என்றார் டாக்டர். அவருக்கு லேசு. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய கை அது. லாரிமேல் இரும்புப் பெட்டியை நீ இறக்கினால், தம்ளரை மேசைமேல் வைத்த சத்தம்கூட வராது. அந்தக் கை டீயைப் பாதி தம்ளரிலும் பாதி லுங்கியிலும் ஊற்றிக்கொண்டது. விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்று பயிற்சி சொல்லித்தரும் பெண் சொன்னாள். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னாள். இரண்டு நாள் அமுக்கிவிட்டு ஜன்னல் வழியே வீசினாய். பிறகுதான் மருமகனின் பழைய கம்ப்யூட்டரில் அந்த டாங்கி விளையாட்டைப் பிடித்துக்கொண்டாய். இந்தப் பக்கம் ஐந்து டாங்கி, அந்தப் பக்கம் ஐந்து டாங்கி. பீரங்கிக் குழாயை மெல்லத் திருப்பி, தூரத்தில் புள்ளியாகத் தெரிகிறவனைக் குறிபார்த்துச் சுட வேண்டும். ஊர் பேர் தெரியாதவர்களோடு ஆட்டம்.

எழுபது வயதில் பொம்மை டாங்கியா என்று நான் கேட்டேன். நீ சிரிக்கவில்லை.

“வயரு, அதுல மட்டுந்தான்டா என் கை நான் சொல்றத கேக்குது,” என்றாய்.

என்னை வயரு என்று கூப்பிட்டது உலகத்தில் நீ ஒருவன்தான். துறைமுகத்தில் மற்றவர்களுக்கு நான் சர்டிபிகேட் இல்லாத எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்த பயல்கள் என் தலைமேல் ஏறிப் போனார்கள். மோட்டாரின் சத்தத்தை வைத்து அதன் நோயைச் சொல்லத் தெரியாதவர்கள் எனக்கு மேலதிகாரி ஆனார்கள். நீ மட்டும், என் கை படாமல் உன் கிரேனில் ஏற மாட்டேன் என்று இன்ஜினியர் முகத்துக்கு நேராகச் சொன்னாய். அதனால்தான் உன் மவுஸைத் தேர்ந்தெடுக்கும் வேலையை வேறு எவனிடமும் விட எனக்கு மனமில்லை.

கம்ப்யூட்டரோடு வந்த மவுஸ் சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது. உன் உள்ளங்கைக்கு அது போதவில்லை. விரல்களை மடக்கியே பிடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. அந்த நிலைமைக்கு உன் மருமகன் என்ன செய்தான்? போனில் மவுஸைப் பற்றி யாரோ பேசுகிற வீடியோவைக் காட்டினான். காதில் பெரிய ஹெட்போன், பின்னால் ஊதா விளக்கு, வாயில் விடாத பேச்சு. வாழ்க்கையில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றியிராத மூஞ்சி. பெட்டியைக் கிழித்துப் பத்து நிமிஷத்தில் இதுதான் சிறந்தது என்கிறான். ஒரு மழைக்காலமாவது வைத்துப் பார்த்தாயாடா என்று அவனைக் கேட்க ஆளில்லை.

நாம் இரண்டு பேரும் கடைக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? ஏ.சி. போட்ட கம்ப்யூட்டர் கடை. சுவர் முழுக்க மவுஸ்கள், ஒவ்வொன்றிலும் விளக்கு, மாதா கோயில் தேர் மாதிரி. தாடி வைத்த விற்பனையாளன் உன்னைப் பார்த்து, “பேரனுக்கா அங்கிள்?” என்றான்.

“எனக்குத்தான் நைனா. பேரன் வெச்சிக்கினு கீறான்.”

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒன்றை எடுத்து நீட்டினான். “இது ரொம்ப லைட் வெயிட் சார். கையில இருக்கிறதே தெரியாது.”

“கையில கீறதே தெரியலைன்னா அத இன்னாத்துக்கு வாங்கணும்?” என்றேன் நான்.

அடுத்து எண்களை ஆரம்பித்தான். டிபிஐ இருபத்தாறாயிரமாம். டிபிஐ என்றால் என்ன என்று கேட்டேன். அதிகமாக இருந்தால் நல்லது சார் என்றான். இதைச் சொல்ல ஒரு ஆள், அவனுக்கு ஒரு டை. கையை ஒரு அங்குலம் நகர்த்தினால் திரையில் அம்பு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதுதான் அந்த எண். நடுங்குகிற கைக்கு அதை ஏற்றினால் நடுக்கமும் சேர்ந்துதான் பெரிதாகும். குறைக்கத்தான் வேண்டும். அதை நானே எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி இறக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு எவனும் டை கட்டிவிடவில்லை.

ஒவ்வொன்றாக உன் கையில் வைத்துப் பார்த்தோம். உள்ளங்கை முழுதாக மேலே படிய வேண்டும், மணிக்கட்டு தொங்கக் கூடாது, சுண்டுவிரல் மேசையில் தேயக் கூடாது. இது மூன்றும் சரியாக இருந்தவை மொத்தக் கடையிலும் நான்குதான். அதில் இரண்டுக்குப் பக்கவாட்டில் ரப்பர் பூச்சு. உங்கள் ராயபுரத்து உப்புக் காற்றில் ரப்பர் பூச்சு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் டார்ச் லைட்டின் ரப்பர் வெல்லப்பாகு மாதிரி விரலோடு வந்தது. மூன்றாவதற்கு வயர் இல்லை, பேட்டரி. சுடுகிற நேரத்தில் சார்ஜ் தீர்ந்தால் எதிரி காத்திருப்பானா? மிஞ்சியது ஒன்று. கறுப்பு, மொழுமொழுவென்ற உடம்பு, விளக்கு இல்லை, பட்டன் இரண்டையும் அமுக்கிக் காதில் வைத்தால் ஒரே மாதிரி சத்தம். வயர் உடம்புக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் அறுந்து போகும்; அங்கே தடித்த உறை போட்டிருந்தான். திறந்து காட்டச் சொன்னேன்.

“வாரண்டி போயிடும் சார்.”

“அப்போ உள்ள இன்னா கீதுன்னு உனக்கும் தெரியாது.”

நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். “வுடு வயரு, அந்தாளு அழுதுருவான்.”

அதைத்தான் வாங்கினோம். அதற்குமேல் நான் செய்ததுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

நீ எப்போதும் சொல்வாயே, “வெறுங்கொக்கிதான் காத்துல ஆடும், லோடு ஏத்திப் பாரு, சாமியார் கணக்கா நிக்கும்” என்று. உன் கையும் வெறுங்கொக்கி மாதிரிதானே ஆடுகிறது என்று எனக்குத் தோன்றியது. காசிமேட்டில் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகள் ஆறு வாங்கினேன். மவுஸின் அடிவயிற்றில் இருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, சர்க்யூட்டில் படாமல் ஓரங்களில் பஞ்சு சுற்றி, பசை போட்டு உட்காரவைத்தேன். உலகம் முழுக்க எடையைக் குறைக்கிறேன் என்று மவுஸ் உடம்பெல்லாம் ஓட்டை போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நான் எடையைக் கூட்டினேன்.

கையில் வாங்கி, “இஸ்திரிப் பொட்டி கணக்கா கீதுடா,” என்றாய்.

“நடுங்குதா?”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இல்லடா,” என்றாய்.

அந்த வார்த்தையை நான் டீக்கடையில் சொன்னேன், பேங்க் வரிசையில் சொன்னேன். பயிற்சிப் பெண்ணிடமும் சொன்னேன், தலையாட்டினாள், நம்பவில்லை. படித்தவள்.

கிறிஸ்துமஸுக்கு உன் மருமகன் அந்தச் சல்லடையை வாங்கி வந்தான். முதுகெல்லாம் தேன்கூடு மாதிரி ஓட்டை, உள்ளே வானவில் விளக்கு. ஊதினால் பறக்கும். எண்ணூர்ப் பக்கத்துக் கரித்தூள் என் வீட்டு ஜன்னலில் தினமும் படிகிறது. உன் வீட்டில் உப்பு. இந்த இரண்டு காற்றுக்கும் நடுவில் ஓட்டை போட்ட சாமானை வாங்குகிறவனுக்குப் பெண் கொடுத்திருக்கிறாயே என்று உன்னிடமே சொன்னேன். ஆறு மாதம் தாங்காது என்றேன். நீ சிரித்துக்கொண்டே அதை இழுப்பறையில் போட்டு மூடினாய்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ பூசை முடிந்து வந்ததும் பதினொரு மணிக்கு நான் வருவேன். ஸ்டெல்லா வஞ்சிரம் வறுப்பாள். நீ ஆடுவாய், நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து உன் ஆட்டத்தைக் குறை சொல்வேன். வாரம் முழுக்க ஆடிய ஆட்டங்களின் பட்டியல் திரையில் இருக்கும்; பாதிக்கு மேல் வெற்றிதான். ஞாயிறு மட்டும் தோற்பாய். ஒவ்வொரு ஞாயிறும் தோற்றாய். அதற்கும் நான் காரணம் வைத்திருந்தேன்: லீவு நாள், ஆபீஸ் போகிற கெட்டிக்காரர்கள் எல்லாம் ஆட வந்துவிடுகிறார்கள். “கரீட்டுதான்டா,” என்றாய். மற்ற நாட்களின் வெற்றி என் ஈயத்துக்கு, ஞாயிற்றுத் தோல்வி ஆபீஸ்காரர்களுக்கு. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்புறம் ஒன்றரை வருஷம் இப்படியே போயிற்று.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். தைல வாசனை எந்த மவுஸில் வந்தது தெரியுமா? உனக்குத் தெரியும். சல்லடையில்.

இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு சாமானை யார் எவ்வளவு உபயோகித்தான் என்பதைத் தேய்மானம் சொல்லும்; வேறு எந்தச் சாட்சியும் எனக்குத் தேவையில்லை. நான் வாங்கிய மவுஸின் இடது பட்டன் கடையில் பார்த்த மாதிரியே மங்கலாக இருந்தது. சல்லடையின் பட்டன் தேய்ந்து கண்ணாடி ஆகியிருந்தது. அதன் சக்கரத்தில் வரிகள் மழுங்கிவிட்டன. ஓட்டைகளில் ஒரு துளி அழுக்கில்லை. பல் துலக்குகிற பிரஷால் யாரோ பொறுமையாகச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் மாட்டினேன். வானவில்லோடு எரிந்தது, சனியன்.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன்.

முதலில் மழுப்பினாள். விடவில்லை. “உங்க பஸ்ஸு எப்போ வரும்னு அப்பாவுக்குத் தெரியும் மாமா. பத்தே முக்காலுக்கு, ‘வயரு வர்ற நேரம், அந்த ஓட்ட மவுஸ எடுத்து உள்ள போட்டுட்டு இஸ்திரிப் பொட்டிய வை’ன்னுவாரு. அத புடிச்சா அவருக்குத் தோள் வரைக்கும் வலிக்கும். நீங்க போனதும் தைலம் தேச்சு வுடுவேன்.”

“எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“நானும் கேட்டேன் மாமா. ‘சொன்னா ஒத்துக்க மாட்டான். ஒத்துக்கினான்னா இந்தப் பக்கமே வரமாட்டான்’னாரு.”

போனை வைத்துவிட்டேன்.

உனக்குச் சொல்கிறேன். என்னை யார் என்று நினைத்தாய்? சர்டிபிகேட் வைத்திருந்த பயல்கள் என் பேச்சைத் தட்டினார்கள், அது எனக்குப் பழக்கம். அவர்கள் முகத்துக்கு நேராகத் தட்டினார்கள். நீ இரக்கப்பட்டாய். தோள் வலியோடு உட்கார்ந்து, ஜெயிக்கக்கூடிய ஆட்டத்தை வாராவாரம் தோற்று, வேடிக்கை பார்க்கிறவனிடம் திட்டும் வாங்கிக்கொண்டாய். இதற்கு அந்த விற்பனையாளனே மேல். அவனுக்கு நம்மைப் பார்த்துச் சிரிப்பாவது வந்தது.

அன்று முழுக்க எனக்கு வேறொரு பயம். உன் கிரேனின் கைப்பிடிக்குள் இருந்த ஸ்பிரிங்கை மாற்றி, சற்று இறுக்கமாக்கிக் கொடுத்தேனே. “இப்போதான்டா கைக்கு வந்துச்சு,” என்று நீ சொன்னதை வைத்துத்தான் முப்பது வருஷம் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். அதுவும் பொய்யா? அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாயா? சோற்றில் கை வைத்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு நினைவு வந்தது. அந்தக் கிரேனை உடைத்து இரும்புக்கு எடுத்த நாளில் நான் அங்கே நின்றேன். கைப்பிடியின் கறுப்புப் பூச்சு மொத்தமும் போய், உன் உள்ளங்கை படிந்த இடத்தில் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. பொய்க்குப் பிடித்த கை அப்படித் தேய்க்காது. சோற்றைச் சாப்பிட்டேன்.

ஆகவே ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். ஈயம் வைத்தது தப்பில்லை. எடை கூடினால் ஆட்டம் குறையும் என்பது சரிதான். உன் தோளில் பலமில்லை என்பதை நீ சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லியிருந்தால் மூன்று குண்டோடு நிறுத்தியிருப்பேன். சல்லடையும் இந்தக் காற்றில் தானாகப் பிழைக்கவில்லை, உன் பிரஷால் பிழைத்தது. உன் மருமகனிடம் இதைச் சொல்லியாயிற்று. அவன் சரி மாமா என்றான். அவனிடம் சண்டை போடுவதில் ஒரு சுகமும் இல்லை.

இன்னொன்று. நான் ஒத்துக்கொண்டால் உன் பக்கமே வரமாட்டேன் என்று சொன்னாயாமே. இத்தனை வருஷம் பழகி, நீ என்னைப் பற்றித் தப்பாகச் சொன்ன ஒரே விஷயம் அது. வந்திருப்பேன்டா. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் வந்திருக்க மாட்டேன். மூன்றாவது ஞாயிறு பதினொரு மணிக்கு வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். வேறு எங்கே போவேன்?

உன் டாங்கி விளையாட்டை என் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானே கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஆறு குண்டோடு இருக்கிற மவுஸை வைத்து ஆடுகிறேன். தோற்கிறேன். தோள் வலிக்கத்தான் செய்கிறது. பச்சைத் தைலக் குப்பி ஒன்று வாங்கி மேசையோரம் வைத்திருக்கிறேன்.

மற்ற நாட்களில் எதைப் பிடித்து ஆடுகிறேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.