தானாக விழும் டிக்

அன்புள்ள அண்ணனுக்கு, மஸ்கட்டிலிருந்து பிரின்ஸியின் ஸ்தோத்திரம். பாபநாசத்தில் அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே?

நீங்கள் அனுப்பிய அப்பாவின் ஸ்கேனை இங்கே திறந்து பார்த்தோம். புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சைக்குத் திட்டம் போடும் எங்கள் மென்பொருள் சரியான முட்டாள். யாருடைய ஸ்கேனைத் திறந்தாலும் ‘குணமாக்க’ என்று தானாக டிக் போட்டுவிடும். நோய் பரவியவர்களுக்கு நாங்கள்தான் ‘வலி குறைக்க’ என்று மாற்ற வேண்டும். ஆறு வருடமாக அதைத் திட்டிக்கொண்டே மாற்றி வருகிறேன்.

நேற்று மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த டாக்டர் ஃபிளோரா, “மாத்த மறந்துட்டியா பிரின்ஸி?” என்றார். திரையில் அப்பாவின் பெயரைப் படித்ததும் மவுஸை வாங்கி அவரே மாற்றினார்.

அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். அப்பா பேசுவதைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள், வாய்க்கால் தகராறாக இருந்தாலும் சரி. அடுத்த சம்பாவுக்கு விதைநெல் எடுத்து வைக்கச் சொன்னால், மறுக்காமல் எடுத்து வையுங்கள்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

பிரின்ஸி