செபாஸ்டின் கட்டிய லேத் சுழலும் திசை

என் அன்புத் தம்பி செபாஸ்டினுக்கு,

1. ஓசூரில் வழக்கறிஞராகத் தொழில் செய்துவரும் இருதயராஜ் ஆகிய நான், உன் உடன்பிறந்த அண்ணன்.
2. கீழே எழுதுபவை நான் நேரில் கண்டவையும் கேட்டவையும் மட்டுமே.

நீ இறந்த பிறகு பூட்டியே கிடந்த உன் கொட்டகையைச் சென்ற வாரம் உன் மனைவி ஸ்டெல்லா திறந்தாள். கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் கழித்துப் போட்ட கற்பலகையின்மேல், கிரைண்டர் மோட்டாரும் லாரிச் சக்கரத்து பேரிங்கும் வைத்து நீ கட்டிய சிறிய லேத், இரும்பைச் சுழற்றிக் கடையும் அந்த இயந்திரம், தூசி படிந்து நின்றது. கட்டி முடித்தவன் அதில் வேலை செய்து பார்க்காமலே போய்விட்டாயே, ஏனப்பா?

அதை ஜூஜுவாடிப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று நான்தான் ஆலோசனை சொன்னேன். யாருக்காவது கை போனால் யார் பொறுப்பு? ஸ்டெல்லா இசையவில்லை.

"வூட்லயே அச்சுல மாட்டுற புஷ் கடைஞ்சு குடுத்துப் பொழச்சுக்குவேன் மாமா. கம்பெனில நான் பாத்ததும் இதே வேலதான?" என்றாள். ஒழுங்காக ஓடாவிட்டால் விற்றுவிடுவது என்று இருவரும் உடன்பட்டோம்.

உன் ஷிப்டு நண்பன் பசப்பாவை அழைத்தோம். அவன் வழக்கம்போல் மோட்டார் தன் இடப்பக்கம் இருக்கும்படி நின்றான். சுவிட்சைப் போட்டதும் சிரித்தான்.

"இவன் எல்லாத்தயும் உல்டாவா மாட்டிருக்கான் வக்கீல் சார். எந்த லேத்து இப்படி சுத்தும்?"

மோட்டார் ஒயரை மாற்றிக் கொடுத்தான். இரும்புத் துண்டில் உளி பட்ட மறுகணம், அதைக் கவ்வியிருந்த சக் மரையிலிருந்து கழன்று, ஸ்டெல்லாவின் காலருகே விழுந்து உருண்டது.

"போதும். விற்றுவிடலாம்" என்றேன்.

அவள் குனிந்து மரையை விரலால் தடவினாள். "மரையே எடப்பக்கமா வெட்டிருக்காரு, திருப்பிச் சுத்துனா கழலத்தான் செய்யும். உல்டா அவரில்லண்ணா, நீங்கதான் நிக்கிற பக்கம் உல்டா. அவரு பீச்சாங்கைக்காரரு."

நான் மறுத்தேன். நீ வலக்கையால் கையெழுத்திட்டதை எத்தனையோ பத்திரங்களில் கண்டவன் நான்.

"உங்க முன்னாடி வலது கைதான் மாமா. பந்தில எடது கைய நீட்டுனதுக்கு உங்கப்பா அடிச்சாராமே? கொட்டாயில மட்டும் அந்தக் கையில வேல செய்வாரு."

ஒரே தட்டில் உண்டு வளர்ந்தோம். என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

ஒயரைப் பழையபடி இணைத்தார்கள். ஸ்டெல்லா, மோட்டார் தன் வலப்பக்கம் இருக்கும்படி, நீ நிற்க நினைத்த பக்கத்தில் நின்றாள். வலக்கைப் பழக்கத்தில் முதல் துண்டு கெட்டது, இரண்டாவதும் கெட்டது. மூன்றாவது புஷ் அச்சில் வழுக்கிக்கொண்டு சரியாகப் போய் அமர்ந்தது. சக் இம்மியும் தளரவில்லை.

"மன்னிச்சுக்கடா மச்சா, நீ கரெக்டாத்தான் பண்ணிருக்க" என்று பசப்பா லேத்தைப் பார்த்துச் சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். நான் முன்பே வரச் சொல்லியிருந்த இரும்புக் கடைக்காரரின் வண்டியை நானே திருப்பி அனுப்பினேன்.

தம்பி, சுழலும் சக்குக்கு இரும்புத் தடுப்பு ஒன்று என் பொறுப்பில் பொருத்தப்படும். ஸ்டெல்லா விரும்பும்வரை இந்த லேத் அவளிடமே இருக்கும். அதை நேராக்குகிறேன் என்று எவர் வந்தாலும், அது நேராகத்தான் இருக்கிறது, என் தம்பி இடக்கைக்காரன் என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவேன்.

இப்படிக்கு,
உன்னை இப்போதுதான் அறிந்துகொண்ட அண்ணன்,
இருதயராஜ்

சாட்சிகள்:
1. ஸ்டெல்லா, உன் மனைவி
2. பசப்பா, உன் நண்பன்